டோக்கன் பதினேழின் ஆயுள்

உலகத்தில் எத்தனையோ மருத்துவ ஆய்வுகள் நடந்திருக்கின்றன. எலிகளை வைத்து நடந்தவை உண்டு, குரங்குகளை வைத்து நடந்தவை உண்டு, காப்பி வாங்கிக் கொடுத்து அழைத்து வந்த கல்லூரி மாணவர்களை வைத்து நடந்தவையும் உண்டு. எல்லாவற்றிலும் பாதி வழியில் யாராவது செத்துப்போய் முடிவைக் கெடுத்துவிடுவார்கள். ஒரு நோயாளியைக்கூடச் சாகவிடாமல் நடந்த ஆய்வு, தெரிந்தவரையில், ஒன்றுதான். அது பாபநாசத்திலிருந்து வலங்கைமான் போகும் சாலையில், மிராசுதார் பஞ்சநதத்தின் பழைய நெல் கிடங்கில் நடந்தது.

அரசாங்கச் செலவில் நடந்த அந்த ஆய்வின் முழுப்பெயர் 'நுரையீரல் நோயறிதல் மற்றும் விளைவு முன்கணிப்பு ஆய்வுத் திட்டம்'. இந்தப் பெயர் சும்மா கிடைத்துவிடவில்லை. முதலில் இங்கிலீஷில் ஒரு பெயர் இருந்தது. அது அடிமைத்தனம் என்று தள்ளப்பட்டது. அடுத்து வந்த 'சுவாசகோசம்' வடமொழி என்று தள்ளப்பட்டது. பெயருக்காக மட்டும் தஞ்சாவூரில் மூன்று கூட்டங்கள் நடந்து, மூன்றாவதில் நுரையீரல் வென்றது. ஊதினால் மூச்சை அளந்து சொல்லும் இயந்திரத்துக்கு 'மூச்சளவி' என்று பெயர் சூட்டி, அதற்கொரு பொன்னாடையும் போர்த்தினார்கள். அந்த ஆடை மூடியிருந்த ஒருநாள் மட்டும் இயந்திரத்தின்மேல் உமித்தூசி விழவில்லை. ஊர்க்காரர்கள் இவ்வளவு சிரமப்படாமல் 'ஊதுற ஆபீஸ்' என்று சொல்லிவிட்டார்கள்.

ஆட்சி மாறி நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம் அது. குத்தகைக்கு உழுகிறவர் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்திருந்தது. அறுவடைக் கூலிக்காக ஒரு பக்கம் செங்கொடி, எதிர்ப் பக்கம் மிராசுதார் சங்கம், நடுவில் வரப்பில் போலீஸ் வேன். மிராசுதார்கள் நாலு பேர் பார்க்கும் இடத்தில் குத்தகைக்காரரை 'வாங்க' என்று சொல்லக் கற்றுக்கொண்டிருந்தார்கள். வயலுக்குள் அந்தப் பாடம் இன்னும் நடத்தப்படவில்லை.

கிடங்கைத் தானமாகக் கொடுத்த காரணத்தால் பஞ்சநதம் திட்டத்தின் கௌரவத் தலைவர். கிடங்கை ஒட்டியிருந்தது அவருடைய அரிசி ஆலை. ஆலைத் தூசி ஜன்னல் வழியாக வந்து ஆய்வு மேசையிலேயே உட்காரும். நோய் எங்கேயிருந்து கிளம்புகிறது என்று அறிஞர்கள் ஊர் ஊராக அலைய வேண்டாம் என்பது அவருடைய பெருந்தன்மை. அதே சமயம், தம்முடைய ஆலைத் தூசியால் யாருக்கும் மார் நோய் வந்ததில்லை என்று தொழிலாளர் இலாகாவுக்கு அவர் வருஷம் தவறாமல் கடிதம் எழுதுவார். திட்டம் வந்த பிறகு, அதன் அறிக்கையையும் கடிதத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்தி அனுப்பினார்.

திட்டத்தின் இயக்குநர் டாக்டர் ஜெக்கரியா. சீமையில் ஒன்றரை வருஷம் படித்தவர். நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை என்பது அவருடைய கொள்கை. முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் முள் நகர்ந்தமாதிரி தோன்றும், அதோடு அறிவியல் போயிற்று என்பார். ஆகவே இயந்திரத்தின் முள்ளை மட்டும் பார்த்தார். எதிரே உட்கார்ந்து ஊதுகிறவருக்கு மீசை உண்டா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரியாது. இப்படிப்பட்ட நடுநிலையை இன்றைய டாக்டர்களிடம் காண்பது அரிது.

இவர்களுக்கு நடுவே 'குறிப்பாளர்' என்ற பதவியில் வந்து சேர்ந்தவன் வைத்தியலிங்கம். வயது இருபத்திரண்டு. பகலில் கிடங்கில் உயரம் எடை எடுத்துப் படிவம் நிரப்புவான். சாயங்காலம் பஸ் பிடித்துக் கும்பகோணத்தில் டைப் வகுப்புக்குப் போவான். வீடு திரும்பியதும் டைரியில் 'இன்று செய்த தவறுகள்' என்று தலைப்பிட்டு நம்பர் போட்டு எழுதுவான். உலகத்தில் எங்கே எது கோணலாக இருந்தாலும், அது தன்னால்தான் கோணியிருக்க வேண்டும் என்பது அவனுடைய உறுதியான அபிப்பிராயம். ஆராய்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டான்.

ஆய்வின் உச்சி 'ஆயுள் எண்'. ஊதிய மூச்சையும் நூற்றுப் பன்னிரண்டு கேள்விகளுக்கான பதிலையும் சேர்த்து, நூற்றுக்கு இத்தனை என்று போடுவார்கள். எண்ணைப் பார்த்தாலே இவர் இன்னும் எத்தனை வருஷம் இருப்பார் என்று டாக்டர் சொல்லிவிடுவார். எண் முப்பதுக்குக் கீழே போனால் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுக்கை கேட்டுச் சிபாரிசுக் கடிதம். மேலே இருந்தால் 'நலம்' என்று அச்சடித்த அட்டை.

கேள்விகள் சீமையிலிருந்து வந்தவை. முப்பத்தெட்டாவது கேள்வி: எத்தனை மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது? அந்த வட்டாரத்தில் மாடி வீடு ஒன்றுதான், அதுவும் பஞ்சநதத்தின் வீடு. "அந்தப் படியில எங்கள யாரு ஏற விட்டா?" என்று வந்தவர்கள் எல்லாரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். வைத்தியலிங்கம் வெகுநேரம் யோசித்து, 'மாடிப்படி ஏறி மூச்சு வாங்கியதில்லை' என்று எழுதினான். பொய்யில்லையே. நாற்பது பேருக்கும் முழு மதிப்பெண் விழுந்தது. படுக்கையறையில் கம்பளம் உண்டா என்றது அறுபத்தொன்றாவது கேள்வி. இல்லை, முழு மதிப்பெண். வளர்ப்புப் பறவைகள் படுக்கையறைக்குள் வருமா என்றது அடுத்தது. மழை பெய்தால் கோழி உள்ளே வரும் என்று தங்கையன் ஒருவர் மட்டும் உண்மையைச் சொல்லி இரண்டு மதிப்பெண் இழந்தார்.

இந்தத் தங்கையன்தான் டோக்கன் பதினேழு. நாற்பத்தெட்டு வயது. பஞ்சநதத்தின் நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகை. வயலில் வேலையில்லாத மாதங்களில் அவருடைய ஆலையிலேயே மூட்டை தூக்குவார், தவிடு சலிப்பார். பேச்சுக்கு முன்னால் ஒரு இருமல், பேச்சுக்குப் பின்னால் ஒரு இருமல், நடுவில் கொஞ்சம் சிரிப்பு.

டோக்கன் என்பது ஆலையின் பழைய ஏற்பாடு. வாசலில் நாற்பது ஆணி, ஒவ்வொரு ஆணியிலும் நம்பர் அடித்த பித்தளைத் தகடு. காலையில் அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறவர் அன்றைக்கு அந்த நம்பர் ஆள். டோக்கனுக்குரியவர் வயலுக்குப் போய்விட்டால் மச்சான் வந்து மாட்டிக்கொள்வான். மச்சானுக்குக் காய்ச்சல் என்றால் பெண்சாதி வருவாள். அவள் சலித்த தவிட்டுக்கும் புருஷன் பெயரில்தான் புள்ளி. ஆலைக்கு வேண்டியது நாற்பது டோக்கன், நாற்பது ஆள் இல்லை. இத்தனை சீராக நம்பர் போட்டிருப்பதைப் பார்த்து டாக்டர் மனம் குளிர்ந்துபோனார். நோயாளிகளுக்குப் புதிதாக எண் கொடுப்பானேன் என்று அந்த நம்பர்களையே ஆய்வுக்கும் எடுத்துக்கொண்டார்.

மாசி மாதம் டோக்கன் பதினேழு முதன்முதலில் ஊதியது. ஒன்று புள்ளி நாலு லிட்டர். மோசமான மூச்சு. ஆனியில் மேட்டூர் திறந்து, குறுவைக்கு நாற்றங்கால் வேலை தொடங்கியபோது அதே டோக்கன் மறுபடி வந்து ஊதியது. நாலு புள்ளி ஒன்று. டாக்டர் முள்ளைத் தட்டிப் பார்த்தார். முள் சரியாக இருந்தது.

வைத்தியலிங்கம் அன்றைக்கு டைரியில் எழுதினான்: 'தவறு ஒன்று. டோக்கன் 17-இன் உயரம் மாசியில் 5 அடி 2 அங்குலம், இன்று 5 அடி 9 அங்குலம். வந்தவர் தூசிக்காகத் துண்டால் முகத்தைச் சுற்றியிருந்தார். நாடா சுருங்கியிருக்கலாம்.' கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் புது நாடா வாங்கினான். ஐப்பசியில் பதினேழு மறுபடி வந்தது. அன்றைய குறிப்பு: 'தவறு ஒன்று. உயரம் 4 அடி 11 அங்குலம். புது நாடாவும் சரியில்லை போலிருக்கிறது. தவறு இரண்டு. டோக்கன் 17 இன்று புடவை கட்டி வந்தது. கேட்டேன். பேரு தங்கையன்னே போடுங்க தம்பி என்று சொல்லப்பட்டது. ஆண், பெண் கேள்வியில் ஏற்கெனவே ஆண் என்று மையால் எழுதியாகிவிட்டது. மூச்சு 1.2.'

புடவைக்குப் பிறகு நாடாவைக் குற்றம் சொல்ல அவனாலேயே முடியவில்லை. கிடங்குக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த பக்கீர் முகம்மதுவிடம் போய், ரொம்பத் தயங்கி, விஷயத்தைச் சொன்னான். பாய் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். ஆனியில் வந்தவன் தங்கையனின் மச்சான் சாமிதுரை, ஐப்பசியில் வந்தது பெண்சாதி கண்ணாத்தாள் என்று விளக்கினார்.

"டோக்கன்தான் தம்பி ஊதுது. ஆளு சும்மா அதப் புடிச்சிக்கிட்டு நிக்கிறான்."

மறுநாள் அவன் டாக்டர் முன்னால் போய் நின்றான்.

"சார், பதினேழு மூணு பேரு மாதிரி இருக்கு."

"மூச்சு எவ்வளவு?"

"மூணு தடவையும் வேற வேற சார்."

"அதுதானேப்பா கண்டுபிடிப்பு."

"உயரமும் வேற வேற சார்."

"உயரம் எண்ணில் சேராது" என்றார் டாக்டர், முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இப்படியாக மருத்துவ உலகத்துக்குக் 'காவிரி விளைவு' கிடைத்தது. மேட்டூர் திறந்த பதினைந்தாம் நாள் டெல்டா மக்களின் நுரையீரலும் திறந்துகொள்கிறது, தண்ணீர் வடிந்ததும் மூடிக்கொள்கிறது என்பது டாக்டரின் கோட்பாடு. அறுவடை வேலைநிறுத்தத்தின்போது அதற்கு இன்னொரு ஆதாரமும் கிடைத்தது. ஆலை வெளி ஜில்லாவிலிருந்து வாட்டசாட்டமான முப்பது பேரைக் கொண்டுவந்து டோக்கனை மாட்டிவிட்டது. ஒரே வாரத்தில் முப்பது நுரையீரலும் தேறிவிட்டன. வேலைநிறுத்தம் நுரையீரலுக்கு நல்லது என்று டாக்டர் எழுதப் போனார். கௌரவத் தலைவர் பதறி, அந்த மாதம் போலீஸ் பந்தோபஸ்தும்தானே இருந்தது என்று நினைவூட்டினார். கட்டுரையில் அப்படியே திருத்தப்பட்டது.

மூன்று அளவையும் கூட்டிக் குறைத்து டோக்கன் பதினேழின் ஆயுள் எண்ணை எண்பத்துநாலு என்று முடிவு செய்தார்கள். எதிர்பார்க்கப்படும் ஆயுள்: இன்னும் முப்பத்தொரு வருஷம்.

அந்த மார்கழி தொடக்கத்தில் தங்கையனின் குத்தகைப் பதிவு விசாரணைக்கு வந்தது. ஆறு மாவைப் பதிவேட்டில் தன் பெயரில் ஏற்ற வேண்டும் என்பது அவருடைய மனு. இவர் மார் நோயாளி, பத்தடி நடக்கமாட்டார், இவர் எங்கே பயிரிடுவது, நான்தான் ஆள் வைத்துப் பயிரிடுகிறேன் என்பது பஞ்சநதத்தின் எதிர்மனு. அதற்கு ஆதாரமாக அவர் வேறெதையும் கேட்கவில்லை, தம்முடைய திட்டத்தின் கோப்பையே கேட்டார். தங்கையன் இருமுவதை ஆலை வாசலில் எட்டு வருஷமாகக் கேட்டவர் அவர். எண் பத்தையோ பன்னிரண்டையோ தாண்டியிருக்காது என்று நம்பினார். கோப்பைப் படிக்க வேண்டியவன் வைத்தியலிங்கம்.

விசாரணைக்கு முதல்நாள் தங்கையன் பாய் கடைக்கு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். நாளைக்கு என்ன படிப்பீங்க தம்பி என்று கேட்டார். வைத்தியலிங்கம் எல்லாவற்றையும் சொன்னான். கோப்பில் உள்ளதைப் படித்தால் நிலம் கிடைக்கும், ஆனால் உங்களுக்கு நோயே இல்லை என்று ஆகிவிடும், சிபாரிசுக் கடிதம் கிடைக்காது. ஊதியது நீங்கள் இல்லை என்று சொன்னால் ஆஸ்பத்திரிப் படுக்கை கிடைக்கலாம், நிலம் போய்விடும். எது சரி என்று தனக்குத் தெரியவில்லை, தான் எப்போதும் தப்பாகத்தான் செய்வது வழக்கம் என்றும் சேர்த்துச் சொன்னான்.

தங்கையன் இருமி முடிக்கும்வரை அவன் காத்திருந்தான்.

"நெலத்த மட்டும் வாங்கிக் குடுங்க தம்பி. மூச்ச நான் பாத்துக்கறேன்."

வலங்கைமானில் ஒரு பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பறையில் விசாரணை நடந்தது. பதிவு அலுவலர் வாத்தியார் நாற்காலியில். மற்றவர்கள் பிள்ளைகளின் பெஞ்சியில். பஞ்சநதம் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார். "வாங்க தங்கையன்" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. தங்கையனுக்குப் புரையேறி இருமல் வந்துவிட்டது. "நீங்களே பாத்துக்குங்க" என்று அலுவலரிடம் கையைக் காட்டினார் பஞ்சநதம்.

வைத்தியலிங்கம் எழுந்து கோப்பைப் பிரித்தான்.

"டோக்கன் பதினேழு. மாடிப்படி ஏறி மூச்சு வாங்கியதில்லை. ஆயுள் எண் எண்பத்துநாலு. எதிர்பார்க்கப்படும் ஆயுள் முப்பத்தொரு வருஷம்."

தங்கையன் இருமிக்கொண்டே இருந்தார். அலுவலர் கோப்பைப் பார்த்தார், தங்கையனைப் பார்த்தார், மறுபடி கோப்பைப் பார்த்தார். அரசாங்க முத்திரை கோப்பில்தான் இருந்தது. இது தப்பு, பொய் என்று பஞ்சநதம் எழுந்திருக்கப் பார்த்தார். பெஞ்சி விடவில்லை. திட்டம் தவறு என்கிறீர்களா என்று பக்கத்துப் பெஞ்சியில் இருந்த டாக்டர் ஜெக்கரியா சுவரைப் பார்த்துக் கேட்டார்.

அதுவரை வாசல்படி ஓரம் நின்றிருந்த கண்ணாத்தாள் உள்ளே வந்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கறேன். இவரு மாரு கெட்டுப்போச்சுங்கிறாரு மிராசுதார் ஐயா. கெட்டுப்போயிருந்தா அது ஐயா ஆலையிலதான் கெட்டுது, வேற எங்கயும் இவரு போனதில்ல. அத எழுதிக்குங்க. கெடலன்னா ஏரு புடிக்கிறாருன்னு எழுதிக்குங்க. ரெண்டுல எதுன்னாலும் எங்களுக்குச் சம்மதம்."

பஞ்சநதம் யோசித்தார். ஒரு பக்கம் ஆறு மா. மறுபக்கம் நாற்பது டோக்கன், தொழிலாளர் இலாகா, குண்டூசி குத்திய கடிதங்கள். அவர் யோசித்த அழகை அருகிலிருந்து பார்த்தவர்கள், மகான்கள் துறவு பூணும்போது முகம் இப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

"அறிவியல நான் மறுக்க மாட்டேன்" என்றார் கடைசியில்.

தங்கையன் பெயர் பதிவேட்டில் ஏறியது. வெளியே வந்ததும் அவர் வைத்தியலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே எனக்கு ஒண்ணுமில்ல தம்பி, சர்க்காரே சொல்லிடுச்சு" என்று சிரித்தார். அன்றைய டைரியில் 'தவறுகள்' என்ற தலைப்பின் கீழே வைத்தியலிங்கம் எதையும் எழுதவில்லை. எதை எழுதுவது என்று தெரியாததுதான் காரணம்.

மார்கழிப் பனி இறங்கியதும் தங்கையனால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கினார். வைத்தியலிங்கம் சிபாரிசுக் கடிதத்தை டைப் அடித்துக் கையெழுத்துக்குக் கொண்டுபோனான்.

"எண் என்ன?" என்றார் டாக்டர்.

"எண்பத்துநாலு சார். ஆனா ரொம்ப இருமுறாரு."

"எண்பத்துநாலுக்கு இருமல் வராது."

"வருது சார்."

"அப்போ அது இருமல் இல்லை."

தஞ்சாவூர் போய்க் கேட்டார்கள். திட்டத்து ஆள் என்றால் திட்டத்தின் கடிதம் வேண்டும் என்பது திட்டமே போட்டு வைத்திருந்த விதி. தங்கையன் சட்டைப்பையில் இருந்தது 'நலம்' அட்டைதான். தை ஒன்பதாம் தேதி, தன் பெயரில் பதிவான ஆறு மாவில் சம்பா சாய்ந்து கிடக்கையில், அவர் காலமானார். இது அவருடைய சொந்த முடிவு. திட்டத்தின் அனுமதி பெறப்படவில்லை.

மறுநாளே ஆலையில் பதினேழாம் ஆணியிலிருந்த டோக்கனை வெளியூர் ஆள் ஒருவன் எடுத்து மாட்டிக்கொண்டான். அந்த வாரமே வந்து ஊதினான். நாலு புள்ளி மூன்று. வைத்தியலிங்கம் கோப்பில் சிவப்பு மையால் 'தை 9, இறந்தார்' என்று எழுதிக் கொண்டுபோய்க் காட்டினான். செத்தவன் நாலு புள்ளி மூன்று லிட்டர் ஊதுவானா என்று டாக்டர் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. சிவப்பு மை அடிக்கப்பட்டது. காவிரி விளைவைப் பற்றிப் பேச டாக்டர் வெளிநாட்டுக்குப் புறப்பட்டுப் போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கண்ணாத்தாள் கிடங்குக்கு வந்தாள். குத்தகையைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். அதற்குச் சாவுச் சான்று தர வேண்டிய கிராம முன்சீப் பஞ்சநதத்தின் சம்பந்தி. சாவுப் பதிவேடு தீர்ந்துவிட்டது, புதுப் புத்தகம் வரவில்லை என்று சொல்லிவிட்டார். பஞ்சநதமோ திட்டத்தின் கோப்பைக் காட்டி, தங்கையன் உயிரோடு இருக்கிறார், போன வாரம்கூட ஊதியிருக்கிறார், உயிரோடு இருந்துகொண்டே வயல் பக்கம் வராததால் குத்தகையைக் கைவிட்டதாக ஆகிறது என்று மனுப் போட்டிருந்தார்.

"போன மாசம் நெலத்துக்காக அவரு நல்லாருக்கணும்னு ஆச்சு. இந்த மாசம் நெலத்துக்காக அவரு செத்தாகணும்" என்றாள். "செத்துதான் போயிட்டாரு. அத நீங்க எழுதினாத்தான் ஆகும்போல இருக்கு."

எழுதினேன், அடித்துவிட்டார்கள் என்று வைத்தியலிங்கம் சொன்னான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். அந்த இருமல் அவனுக்குத் தெரிந்த இருமல்தான். ஐப்பசியில் கேட்டிருக்கிறான்.

மறுபடி அதே மூன்றாம் வகுப்பறை, அதே அலுவலர், அதே பெஞ்சி. இந்தத் தடவை பஞ்சநதம் முன்யோசனையாக வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்திருந்தார். "நான் சொல்றதுக்கு என்ன இருக்கு? அறிவியல் சொல்லட்டும்" என்றார். அலுவலர் வைத்தியலிங்கத்தைப் படிக்கச் சொன்னார்.

அவன் கோப்பைத் திறந்தான். ஒருவேளை தானே தப்பாக இருந்தால் என்ற பழைய சந்தேகம் எழுந்தது. பிறகு ஆயுள் எண் இருந்த பக்கத்தைத் தள்ளிவிட்டு, யாரும் இதுவரை கேட்காத நாலாவது கேள்வியைப் படித்தான்.

"டோக்கன் பதினேழு. உயரம். மாசியில அஞ்சடி ரெண்டு அங்குலம். ஆனியில அஞ்சடி ஒம்பது. ஐப்பசியில நாலடி பதினொண்ணு. தையில அஞ்சடி பதினொண்ணு."

அலுவலர் பேனாவை மூடினார். "ஒரே ஆளா?"

"ஒரே டோக்கன், சார்."

உயரம் எண்ணில் சேராது என்றார் பஞ்சநதம். அது எண்ணில் சேராவிட்டாலும் ஆளில் சேருமே என்று அலுவலர் சொல்லி, வைத்தியலிங்கத்தைப் பார்த்தார். அவன் பையிலிருந்து நாடாவை எடுத்தான். சாமிதுரையைச் சுவரோரம் நிறுத்தி அளந்தான். ஐந்தடி ஒன்பது. கண்ணாத்தாளை நிறுத்தினான். நாலடி பதினொன்று. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் நாடா சரி என்று அவனுக்குத் தெரிந்தது.

"சரி, அஞ்சடி ரெண்டு அங்குலம் எங்க?" என்று கேட்டார் அலுவலர்.

"அத அளக்கணும்னா குடமுருட்டிக் கரைச் சுடுகாட்டுக்குத்தான் வரணும், ஐயா" என்றாள் கண்ணாத்தாள்.

அலுவலர் பேனாவைத் திறந்தார். ஆறு மா கண்ணாத்தாள் பெயருக்கு மாறியது. வெளியே வேப்பமரத்தடியில் வைத்தியலிங்கம் அவளிடம், ஐப்பசியில் அவள் ஊதியது ஒன்று புள்ளி இரண்டு, தங்கையனுடையதைவிடக் குறைவு, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னான். எந்த டாக்டரை என்று கேட்டாள். அறுவடை நிற்கிறது என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறப் போனாள்.

உண்மை வெளிவந்ததால் திட்டத்துக்கு என்ன ஆயிற்றோ என்று வாசகர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. டாக்டர் திரும்பி வந்ததும் முதல் வேலையாக வைத்தியலிங்கத்துக்கு வேலைநீக்கக் குறிப்பாணை கொடுத்தார். 'எண்ணில் சேராத உயரத்தை அளந்து, திட்டத்தின் நேரத்தையும் நற்பெயரையும் விரயம் செய்தது' குற்றம். டைப் அடிக்க வேறு ஆள் இல்லாததால், அந்த ஆணையை அவனே பிழையில்லாமல் டைப் அடித்துத் தானே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். குழப்பத்துக்குக் காரணமான நாலாவது கேள்வி படிவத்திலிருந்து நீக்கப்பட்டது. திட்டம் மேலும் ஆறு ஆலைகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. திறப்புவிழாவில் ஆறு பொன்னாடைகள்.

ஆண்டறிக்கை அச்சாகி வந்திருக்கிறது. நல்ல வழவழப்பான தாள். மொத்த நோயாளிகள் நாற்பது. உயிரோடு இருப்பவர்கள் நாற்பது. இறப்பு இல்லை. முன்கணிப்பு நூற்றுக்கு நூறு பலித்திருக்கிறது. தங்கையனுக்கு இன்னும் முப்பது வருஷம் பாக்கி இருக்கிறது. டோக்கன் இல்லாத கண்ணாத்தாளுக்கு நோயும் இல்லை. பித்தளைத் தகடுகள் நாற்பதும் ஆலை வாசலில் நலமாகத் தொங்குகின்றன. அவற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இதுவரை எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்க, மீதமுள்ள நூற்றுப் பதினோரு கேள்விகளில் ஒரு கேள்விகூட இல்லை.